தீ திருப்பித் தராதவை

2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் கொழும்பு பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. கொரோனா தொற்று என்றது மருத்துவமனை. எரிப்பதற்குப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. அடுத்த நாட்களில் அந்த மயானத்தின் வேலிக்கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் தம் இறந்தவர்களைப் போர்த்தும் கஃபன் துணியின் நினைவாகக் கட்டியவை அவை. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. சிங்களவரும் தமிழரும் கிறித்தவரும் கட்டினார்கள்.

கொரோனாவில் இறந்த எவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவிப்பு வெளியிட்டிருந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எரிக்கலாம், புதைக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. உலக நாடுகள் பலவும் கொரோனாவில் இறந்தோரைப் புதைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் இலங்கையில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அந்த உத்தரவு நின்றது. வழக்குப் போட்டவர்களின் மனுக்களை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அரசு இறங்கிவந்து புதைக்க அனுமதித்தது; மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அதற்கு இடம் ஒதுக்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆனால் மன்னிப்பு வந்த பிறகும் அந்தக் குடும்பங்களுக்குப் போய் நிற்க ஒரு கபர் (புதைகுழி) கிடையாது. தவறாகப் புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, உரிய முறையில் மீண்டும் அடக்கம் செய்யலாம். தவறாக எரித்த உடலுக்குச் செய்ய எதுவுமில்லை.

எரிப்பதுதான் சுத்தம், எரித்தால் இடம் மிச்சம், எரித்தால் நோய் பரவாது, எரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணங்கள் நம்மிடம் கேள்வியில்லாமல் படிந்திருக்கின்றன. இலங்கை அரசு பிடித்துக்கொண்டதும் அந்த எண்ணத்தைத்தான். எரிக்கும் வழக்கத்தை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கம் இல்லை. அது கோடிக்கணக்கானோரின் நம்பிக்கை. என் குடும்பத்தின் வழக்கமும் அதுவே. ஆனால் அது எவ்வளவு சுத்தம், யார் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது, எதையெல்லாம் திரும்ப முடியாதபடி அழிக்கிறது என்பதை நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை.

விறகும் தண்ணீரும்

மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுதும் ஆவியாகும்வரை உடல் சரியாகப் பற்றாது. திறந்தவெளிச் சிதையில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. அதனால்தான் வட இந்தியாவில் ஒரு சிதைக்கு 400 கிலோ, 500 கிலோ என்று விறகு போகிறது. மழைக்காலத்தில் ஈர விறகு என்றால் இன்னும் கூடும். டெல்லியைச் சேர்ந்த மோக்ஷதா என்ற தொண்டு நிறுவனம் 1990களிலிருந்து புகைபோக்கியும் இரும்புத் தட்டும் வைத்த மேடைகளை அமைத்து, 150 கிலோ அளவிலேயே வேலையை முடிக்கலாம் என்று காட்டிவருகிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. அடியில் விறகு, மேலே வறட்டி, அதன்மேல் வைக்கோல், அதற்குமேல் சேறு பூசி மூட்டம் போடுவார்கள். வெப்பம் உள்ளேயே அடைபட்டு இரவெல்லாம் நின்று எரியும், விறகும் குறையும். நம் வெட்டியான்மார்கள் கையில் இருந்த இந்த அறிவை எந்தப் பொறியியல் கல்லூரியும் பாடமாக வைக்கவில்லை. ஆனால் சேற்றுப்பூச்சுக்குள் காற்று போதாமல் எரியும்போது கரியும் புகையும் அதிகம். விறகில் மிச்சம் பிடித்தால் புகையில் செலவாகிறது.

கங்கைக் கரையில் நடந்தது வேறு கதை. விறகு வாங்கக் காசில்லாதவர்கள் பாதி எரிந்த உடலை ஆற்றில் தள்ளிவிட்டுப் போவது நெடுநாள் வழக்கம். 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் அதற்காகவே கரையோர நகரங்களில் மின்தகன மேடைகள் கட்டினார்கள். மிதந்து வரும் உடல்களைத் தின்பதற்கென்று காசியில் ஆமைகளை வளர்த்து விட்டார்கள். ஆற்றின் ஒரு பகுதியை ஆமைகளுக்கான சரணாலயமாகவே அறிவித்தார்கள். எரிப்பு முற்றுப்பெறாமல் போனால் அது ஆற்றுக்கு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது, அந்தச் சிக்கல் முழு உருவில் தெரிந்தது. சூரத்தில் தகன உலைகள் இரவும் பகலும் ஓய்வின்றி எரிந்து, அவற்றின் இரும்புப் பாகங்கள் உருகின. விறகு விலை ஏறியது. வாங்க முடியாதவர்கள் கங்கைக் கரை மணலில் புதைத்தார்கள், ஆற்றிலும் விட்டார்கள். பீகாரின் பக்சர் மாவட்டத்தில் மட்டும் 71 உடல்களை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். எரிபொருளை நம்பிய இறுதிச்சடங்கு, எரிபொருள் கிடைக்காத நாளில் ஏழையைக் கைவிடும்.

புகைபோக்கியின் உச்சியில்

சரி, மின்மயானமும் எரிவாயு மேடையும் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்தது நல்லதுதான். விறகு மிச்சம், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் சாம்பல் கையில் வந்துவிடுகிறது. ஆனால் உலை 800 டிகிரிக்கு மேல் கொதிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு உடல்களே வரும் சிற்றூரில் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உலையை மறுபடி சூடேற்றுவதற்கே எரிபொருள் கொட்டவேண்டியிருக்கிறது. சூடேறிக் குளிர்ந்து, சூடேறிக் குளிர்ந்து உள்ளே பதித்த தீச்செங்கல் வெடிக்கிறது. மின்வெட்டு வந்தால் உடல் பாதியில் நிற்கிறது. பல ஊர்களில் திறப்புவிழாக் கல்வெட்டோடு மூடிக்கிடக்கும் மின்மயானங்களைப் பார்த்திருப்பீர்கள்; மின்சாரமும் பராமரிப்பும் சேர்ந்து அவற்றைக் கொன்றன.

கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்தவுடன் நாம் நிம்மதியாகிவிட்டோம். தெரியாதது பாதரசம். சில பத்தாண்டுகளுக்கு முன் பல் சொத்தைக்கு வைத்த ‘வெள்ளி’ அடைப்பில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம். அது 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். 800 டிகிரி உலையில் ஒரு துளியும் மிஞ்சாது. எல்லாம் புகைபோக்கி வழியே வெளியேறி, காற்றில் கலந்து, மழையோடு இறங்கி, நீரில் சேர்ந்து, மீன் வழியாக மனிதனுக்கே திரும்புகிறது. பிரிட்டனில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நாட்டின் மொத்தப் பாதரச வெளியேற்றத்தில் தகன மேடைகளின் பங்கு கவலைப்படும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. 2012க்குள் அதைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று 2005இல் அங்கே விதி போட்டார்கள். தனி வடிகட்டிகள் பொருத்தினார்கள். நம் எரிவாயு மேடைகளில் பெரும்பாலும் இருப்பது தண்ணீர் தெளித்துப் புகையைக் கழுவும் அமைப்பு. கரித்தூளை அது பிடிக்கும். பாதரச ஆவி தண்ணீரில் கரையாது.

அடுத்தது டயாக்சின். நச்சுகளிலேயே கொடிய வகை. நிலைத்து நிற்கும் கரிம நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, டயாக்சின் உருவாகும் இடங்களின் பட்டியலில் தகன மேடைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு. பிளாஸ்டிக் எரிந்தால், அதிலும் குளோரின் கலந்த பி.வி.சி. எரிந்தால், இந்த நச்சு பிறக்க வாய்ப்பு கூடும். இன்று உடலோடு சேர்ந்து உள்ளே போவது எது என்று பாருங்கள். பாலியெஸ்டர் புடவை, ஜரிகைத் துணி, பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலை, செயற்கை மணத் தெளிப்பான். கொரோனாக் காலத்தில் உடலைச் சுற்றிய பைகள் அப்படியே உலைக்குள் போயின. தாத்தா காலத்தில் பருத்தி வேட்டியும் வாழைநார் மாலையும்தான் போயின.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இல், விறகுச் சிதை காற்றையும் நீரையும் கெடுக்கிறது, மாற்று முறைகளை மக்களிடம் கொண்டுபோங்கள் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் டெல்லி அரசுக்கும் சொன்னது. அது விறகைப் பற்றிய உத்தரவு. உலையின் புகையைப் பற்றி அதே அழுத்தத்தோடு யாரும் பேசவில்லை.

இந்தப் புகை யார் மூக்குக்குப் போகிறது? முன்பு ஊருக்கு வெளியே, ஆற்றோரம், காற்றுத் திசை பார்த்து ஒதுக்கிய நிலம் சுடுகாடு. நகரம் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. சுடுகாட்டுக்குப் பக்கத்து மனையை வசதியுள்ளவர் வாங்கமாட்டார். அங்கே குடிவருவது வேறு போக்கிடம் இல்லாதவர்தான். மாடியில் துணி காயப்போட்டால் கரி படிகிறது என்று அவர்கள் மனுக்கொடுக்கும்போது, அதிகாரிகளின் கண்ணுக்கு அது சின்னப் புகாராகத் தெரிகிறது. தினமும் அதே காற்றை மூச்சிழுக்கும் குழந்தைக்கு அது சின்னதில்லை.

உலை வாசலில் நிற்பவர்

பக்கத்து வீட்டுக்காரரைவிட அதிகம் பாதிக்கப்படுவது மேடையில் வேலை செய்பவர். தமிழ்நாட்டில் இந்த வேலை சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. காசியில் டோம் மக்கள் மேல் சுமத்தப்பட்டதைப்போலவே. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ என்று மகனுக்குச் சொல்கிறோம். திரும்பிப் பார்த்து, கழியால் புரட்டி, எலும்பு வெந்ததா என்று கவனித்து, மறுநாள் காடாத்துக்கு அஸ்தி எடுத்துத் தருவது அவர். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் சட்டையோடு நிற்கும் அவரது நுரையீரலைப் பற்றி நாம் கேட்டதில்லை.

உடலுக்குள் இருக்கும் கருவிகளும் அவருக்கு ஆபத்து. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியின் பேட்டரி உலைச் சூட்டில் வெடிக்கும். பிரிட்டனில் 1976இலேயே இப்படி ஒரு வெடிப்பு பதிவாகியிருக்கிறது. 2002இல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதித் தகன மேடைகளின் ஊழியர்கள் இத்தகைய வெடிப்பைக் கண்டதாகச் சொன்னார்கள். எரிக்கும் முன் கருவியை எடுக்கவேண்டும் என்பது அங்கே கட்டாயம். 2017இல் அமெரிக்காவின் அரிசோனாவில், கதிரியக்க மருந்து செலுத்தப்பட்ட ஒரு புற்றுநோயாளி இறந்த சில நாட்களில் எரிக்கப்பட்டார். அவர் மருந்து எடுத்த செய்தி தகன மேடைக்குத் தெரியாது. பிறகு சோதித்தபோது உலையிலும் கருவிகளிலும் கதிரியக்கம் இருந்தது. அங்கு வேலை செய்தவரின் சிறுநீரிலும் வேறொரு கதிரியக்கப் பொருளின் தடம் இருந்தது. முன்பு எரித்த வேறு யாரோ ஒருவரிடமிருந்து அது வந்திருக்கக்கூடும். நம் ஊரில் பேஸ்மேக்கரும் கதிரியக்கச் சிகிச்சையும் மாவட்டத் தலைநகர் வரை வந்துவிட்டன. மயான வாசலில் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வரவில்லை.

சாட்சி இல்லாத சாவு

என்னை அதிகம் உறுத்துவது புகையோ பாதரசமோ இல்லை. அவற்றுக்கு வடிகட்டி உண்டு. எரிந்துபோன சாட்சியத்துக்கு ஒன்றும் இல்லை.

பிரிட்டனில் ஹரால்டு ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர், நோயாளிகளுக்கு ஊசி போட்டுக் கொன்றுகொண்டே இருந்தார். 215 பேரைக் கொன்றார் என்று பின்னர் அமைந்த விசாரணைக் குழு உறுதி செய்தது. அவரை மாட்டிவைத்தது ஒரு மூதாட்டியின் புதைகுழி. 1998இல் அதைத் தோண்டி உடலைச் சோதித்தபோது மார்ஃபின் இருந்தது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த 15 கொலைகளில் 9 பேர் புதைக்கப்பட்டவர்கள், 6 பேர் எரிக்கப்பட்டவர்கள். எரிப்பதற்கு இரண்டு டாக்டர்கள் கையெழுத்திடவேண்டும் என்ற விதி அந்த நாட்டில் நூறாண்டுகளாக இருந்தது. ஆனால் இரண்டாவது டாக்டர், முதல் டாக்டர் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டார். இந்த வழக்கின் பாடமும் சேர்ந்து, மரண விசாரணை அதிகாரி விசாரிக்காத எந்தச் சாவையும் தனியான மருத்துவ ஆய்வாளர் பார்த்தே ஆகவேண்டும் என்ற முறை 2024 செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டமாகிவிட்டது.

இந்தியாவில் பதிவாகும் சாவுகளில், காரணத்தை டாக்டர் எழுதிச் சான்றளிப்பவை கால்வாசிக்கும் குறைவு. மீதமுள்ளவர்கள் எதனால் இறந்தார்கள் என்பது வீட்டார் சொல்வதுதான். அந்த வீட்டாரே காரணமாக இருந்தால்? காலையில் சாவு, மாலைக்குள் சிதை. 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணம் செய்த இளம் தம்பதிக்கு விஷம் கொடுத்துக் கொன்று, உடல்களை எரித்தார்கள். சாம்பலுக்குப் பிரேதப் பரிசோதனை கிடையாது. போலீசாரும் குற்றத்தை மறைக்கத் துணைபோனார்கள். சாட்சிகள் நின்றதால், சி.பி.ஐ. வந்ததால், 18 ஆண்டுகள் கழித்து 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் காவல் அதிகாரிகளும் உண்டு. சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் சிதையோடு அடங்கிப்போன கொலைகள் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு வழக்கு. 2020 மார்ச்சில் மதுரை மாவட்டம் செக்கானூரணி அருகே, பிறந்து ஒரு மாதமான பெண் குழந்தையைப் பெற்றோரே கொன்றுவிட்டதாகப் புகார் வந்தது. குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் நம் வழக்கம். அதனால் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க முடிந்தது.

உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸில் 2020 செப்டம்பர் 30 அதிகாலை, கொடுமைக்கு ஆளாகி இறந்த 19 வயது தலித் பெண்ணின் உடலை, குடும்பத்தார் கெஞ்சக் கெஞ்ச, அவர்களை வீட்டுக்குள் நிறுத்திவிட்டுப் போலீசார் எரித்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. இது மனித உரிமை மீறல் என்று கண்டித்தது. ஒரு தாய்க்கு மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையும், பின்னால் சந்தேகம் எழுந்தால் இன்னொரு மருத்துவர் பார்க்கும் வாய்ப்பும் ஒரே நெருப்பில் போயின.

மண்ணில் நின்றவை

எரிப்பதுதான் தமிழர் வழக்கம் என்று யாராவது சொன்னால் அது முழு உண்மையில்லை. இறந்தோரை எரிப்பது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழிக்குள் வைத்துக் கவிழ்ப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை சொல்கிறது. ஒரே ஊரின் மயானத்தில் ஐந்தும் நடந்தன. இன்றும் தமிழ்நாட்டில் புதைக்கும் சாதிகள் பல. ஈமத்தாழிகள் கிடைத்ததால்தான் ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரியா தோண்ட முடிந்தது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த எலும்புகளில் இன்று மரபணு ஆய்வு நடக்கிறது. எல்லோரையும் எரித்திருந்தால் நம் முன்னோர் என்ன உண்டார்கள், எந்த நோயில் இறந்தார்கள் என்று அறிய எலும்பு இருந்திருக்காது. அண்ணாவும் பெரியாரும் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் கருணாநிதியும் மண்ணுக்குள் வைக்கப்பட்டவர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். இந்த மாநிலம் தான் நேசித்தவர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று விரும்பியிருக்கிறது.

புதைப்பதிலும் குறைகள் உண்டு. நிலம் வேண்டும், பெருநகரங்களில் நிலம் இல்லை. சிமெண்ட் கல்லறை கட்டினால் அந்த இடம் என்றென்றைக்கும் அடைபடுகிறது. நிலம் என்று வந்துவிட்டால் சாதி முன்னே நிற்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல்வழியே மயானத்துக்குப் போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். எரிக்கக் கொண்டுபோன உடல் அது. சாதிக்குச் சாதி தனிச்சுடுகாடு இருக்கும்வரை எரிப்பும் சமத்துவம் தராது. எரிவாயு மேடையில் எல்லோரும் ஒரே உலைக்குள் போகிறார்கள் என்பது அதன் பெரிய நன்மை; அதை நான் மனதார வரவேற்கிறேன்.

வேறு வழிகள் பிறந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் இறந்தபோது, அவர் விருப்பப்படி காரநீரில் உடலைக் கரைக்கும் முறையைக் கையாண்டார்கள். அதில் நெருப்பு இல்லை, புகை இல்லை, பல்லிலிருக்கும் பாதரசத்தைத் தனியே எடுத்துவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் உடலை உரமாக்கும் முறையை 2019இல் சட்டமாக்கியது. இவை நம் வாசலுக்கு வர நாளாகும். ஆனால் பெட்டியில்லாமல் ஒற்றைத் துணியில் சுற்றி, சிமெண்ட் பூசாமல் மண்ணில் வைப்பது நம் முஸ்லிம்களும் நம் கிராமங்களும் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். மேற்கே இன்று அதைப் ‘பசுமை அடக்கம்’ என்று புதிதாகக் கண்டுபிடித்துக் கொண்டாடுகிறார்கள்.

நம் உள்ளாட்சிகள் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன. எந்த மயானமானாலும், டாக்டர் பார்த்துச் சாவின் காரணத்தை எழுதித் தராமல் உடலுக்குத் தீ வைக்கக்கூடாது. சந்தேகத்துக்கு இடமான சாவென்றால் பிரேதப் பரிசோதனை முடிந்து, குறித்த நாள்வரை எரிக்கவே கூடாது. பேஸ்மேக்கர் உண்டா, அண்மையில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தாரா என்ற இரண்டு கேள்விகள் படிவத்தில் ஏறவேண்டும். பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்கும் உலை வாசலிலேயே கழற்றப்படவேண்டும். அதற்கு மாற்றாக ஒரு பருத்தித் துணியை மயானமே தரலாம். புகைபோக்கியில் என்ன வெளியேறுகிறது என்று ஆண்டுக்கொருமுறை அளந்து, அந்த எண்ணை அந்தத் தெருமக்கள் படிக்கும்படி மயான வாசலில் எழுதிவைக்கவேண்டும். மேடைத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். புதிய எரிவாயு மேடைக்கு டெண்டர் விடும் ஒவ்வொரு நகராட்சியும், புதைக்க விரும்புவோருக்கு, எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்காத ஒரு துண்டு நிலத்தை அதே தீர்மானத்தில் ஒதுக்கவேண்டும்.